நிமிட்ஸும் ரிக்கோவரும்: நீர்மூழ்கியில் தொடங்கிய இரு பாதைகள்

அமெரிக்கக் கடற்படையின் நீர்மூழ்கிப் பணியிலிருந்து உயர்ந்தவர்களில் செஸ்டர் நிமிட்ஸ் தலைமைப் பாதையிலும், ஹைமன் ரிக்கோவர் பொறியியல் பாதையிலும் சென்றனர். 1908-இல் தம் கப்பலைத் தரைதட்டவிட்டுக் கண்டனம் பெற்ற நிமிட்ஸ், மறு ஆண்டிலேயே நீர்மூழ்கிக்குத் தலைமையேற்றார். பின்னர் டீசல் எஞ்சினை இயக்கிக் காட்டுகையில் பற்சக்கரத்தில் கை சிக்க, மோதிரம் தடுத்ததால் விரலின் ஒரு பகுதியை மட்டும் இழந்து தப்பினார். 1941 டிசம்பர் 31 அன்று பேர்ல் ஹார்பரில் பசிபிக் கடற்படையின் பொறுப்பை அவர் ஏற்றதும் 'கிரேலிங்' என்ற நீர்மூழ்கியின் மேல்தளத்தில்தான்.

ரிக்கோவரோ எந்த நீர்மூழ்கிக்கும் தலைமை வகித்ததில்லை. 1937-இல் பொறியியல் பிரிவுக்கு மாறியவருக்கு ரியர் அட்மிரல் பதவி இருமுறை மறுக்கப்பட்டு, நாடாளுமன்றத்தின் தலையீட்டுக்குப் பிறகே 1953-இல் கிடைத்தது. அவர் உருவாக்கிய முதல் அணு நீர்மூழ்கியான 'நாட்டிலஸ்' 1955 ஜனவரியில் அணுசக்தியில் பயணத்தைத் தொடங்கியது. அணுக்கப்பல் பணிக்கு வரும் அதிகாரிகளைத் தாமே நேர்காணல் செய்த அவர், முன்கால்கள் குட்டையாக அறுக்கப்பட்ட நாற்காலியில் அவர்களை அமர்த்துவார் (பதில் சொல்வதோடு, வழுக்காமலும் இருக்க வேண்டும்). பதவிக்கு நிமிட்ஸின் பாதையே நேரானது என்றாலும், நீர்மூழ்கிப் படையின் இயல்பையே மாற்றியவர் 1982 வரை 63 ஆண்டுகள் பணியிலிருந்த ரிக்கோவர் என்பேன்.