கல்லடியில் சுழி பார்த்து வெட்டும் ஒரு சலூன்

உச்சி எடுப்பதற்கு முன்னால் தலையின் பின்பக்கத்தைப் பார்க்கிற சலூன், நான் போன இடங்களில் இது ஒன்றுதான். மட்டக்களப்பில் கல்லடி உப்போடைப் பக்கம், மெயின் ரோட்டிலிருந்து கடற்கரைக்கு இறங்கும் ஒழுங்கை ஒன்றில் இருக்கிறது. பெயர்ப்பலகை வெயிலில் வெளுத்து எழுத்தே தெரியாது. உள்ளே இரண்டு கதிரை, நீளக் கண்ணாடி, காத்திருப்பவர்களுக்கு ஒரு வாங்கு, அவ்வளவுதான். எட்டு மாதமாக மாதம் ஒருமுறை போகிறேன்.

இங்கே வந்து சேர்ந்த காரணத்தைச் சொல்ல வேண்டும். தங்கச்சியின் கலியாணத்துக்கு இரண்டு நாள் முன்னால் வேறொரு சலூனில் போனில் ஒரு படத்தைக் காட்டி, இப்படி வேண்டும் என்றேன். இரண்டு பக்கமும் மெசினில் நம்பர் 1, மேலே வலப்பக்கம் உச்சி. எழும்பும்போது நன்றாகத்தான் இருந்தது. அடுத்த நாள் முழுகிவிட்டு வந்தால் உச்சந்தலைக்குப் பின்னால் ஒரு கற்றை நிமிர்ந்து நின்றது. தண்ணீர், எண்ணெய் எதற்கும் படியவில்லை. கலியாண அல்பத்தில் நான் இருக்கும் படங்கள் எல்லாவற்றிலும் அது தெரிகிறது. இப்போதும் பார்க்க மனம் நோகும்.

கல்லடிச் சலூன்காரருக்கு அறுபது வயது இருக்கும். எல்லோருக்கும் அவர் அண்ணன்தான். முதல் நாள் நான் படம் காட்டப் போனை எடுத்தேன். "பொறுங்க தம்பி" என்று தண்ணீர் அடித்து, மயிரை எந்தப் பக்கமும் வாராமல் விட்டுவிட்டு, பின்னால் நின்று பார்த்தார். "உங்களுக்கு வலஞ்சுழி. மயிர் இடமிருந்து வலமாத்தான் விழும். உச்சி இடப்பக்கம் எடுத்தாத்தான் படியும். எதிர்ப்பக்கம் எடுத்தா எழும்பி நிக்கும்தானே." முப்பத்தாறு வயது வரைக்கும் இதை எனக்கு யாரும் சொன்னதில்லை. சுழி இருக்கும் இடத்தில் மட்டும் கொஞ்சம் நீளமாக விட்டார், அதன் பாரத்திலேயே படுக்கட்டும் என்று. அன்றிலிருந்து அந்தக் கற்றை எழும்பவில்லை.

பக்கங்களுக்கு அவர் மெசின் தொடுவதில்லை, சீப்பும் கத்தரிக்கோலும்தான். சீப்பைக் காதுக்கு மேலே மெல்ல ஏற்றிக்கொண்டே போவார், பல்லுக்கு வெளியே நீட்டுவதைக் கத்தரி எடுத்துக்கொண்டே வரும். கையைக் கவனித்துப் பாருங்கள்: கத்தரியின் ஒரு அலகு அசையவே அசையாது, பெருவிரல் பிடித்திருக்கும் அலகு மட்டும்தான் திறந்து மூடும். அதனால்தான் படிக்கட்டுப் போல வெட்டு விழாமல் கீழே கட்டையாகத் தொடங்கி மேலே போகப் போக நீளமாகிறது. எனக்கு இடது காதுக்கு மேலே சின்ன வயதுத் தழும்பு ஒன்று இருக்கிறது. நம்பர் 1 சீப்பு போட்டால் மிஞ்சுவது 3 மில்லிமீற்றர், தழும்பு பளிச்சென்று தெரியும். மெசின்தான் வேண்டும் என்றால் என்னைப் போன்றவர்கள் நம்பர் 3 அல்லது 4 கேளுங்கள். 10, 13 மில்லிமீற்றர் மிஞ்சும், தோல் தெரியாது.

பிடரிக்கு வந்ததும் "கோடு போடவா, சும்மா விடவா?" என்று கேட்பார். சும்மா விடச் சொல்லுங்கள். மயிர் மாதத்துக்கு ஒரு சென்ரிமீற்றர் அளவில் வளரும். நேர்கோடாக வெட்டிய பிடரி பத்து நாளில் கோட்டுக்குக் கீழே முளைத்து அழுக்குப் போலத் தெரியும். கோடில்லாமல் கரைத்து விட்ட பிடரி நாலு கிழமை தாங்கும். ஓரம் எடுக்க புது பிளேட்டை உறையோடு நம் கண்முன்னாலேயே பாதியாக முறித்துக் கத்தியில் மாட்டுகிறார். முடிந்ததும் சீனக்காரக் கட்டியை நனைத்து ஒரு தேய்ப்பு. எரியும், ஆனால் பரு வராது.

அப்புறம் வீட்டுப் பாடு. நான் ஆரையம்பதியிலிருந்து டவுனுக்குத் தினமும் மோட்டார் சைக்கிளில் போகிறவன், ஹெல்மெட் கழற்றும்போது தலை சப்பையாகிவிடும். முன்பக்கம் இரண்டு விரல் அகலம் நீளம் வைத்தால் போதும், மறுபடி வாரி எடுக்கலாம் என்பது அண்ணனின் கணக்கு. சரியாக வந்தது. அவருடைய தட்டில் அந்தச் சிவப்பு மூடி பிரில்கிரீம் எப்போதும் இருக்கும், என் அப்பாவும் அதுதான் பூசுவார். 1928இல் பேர்மிங்ஹாமில் வந்த சாமான். தண்ணீரும் கனிம எண்ணெயும் தேன்மெழுகும் கலந்தது. மினுக்கம் அழகுதான், ஆனால் கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் ஹெல்மெட்டுக்குள் எண்ணெய் உருகி நெற்றிக்கு இறங்குகிறது. அதனால் நான் தண்ணீரில் கரையும் பொமேட் வாங்கினேன். ஈரம் முழுக்கக் காயுமுன் ஒரு கடலை அளவு எடுத்து, உள்ளங்கையில் தேய்த்து, பின்னாலிருந்து முன்னுக்குப் பூசி, பிறகு உச்சி எடுக்கிறேன். கந்தோருக்குப் போனதும் கையை நனைத்துத் தடவி வாரினால் போதும், காலையில் பூசியதே திரும்பப் பிடித்துக்கொள்ளும்.

குறையும் உண்டு. ஒரே ஒரு மின்விசிறி, அதுவும் அவர் பக்கம் திரும்பியிருக்கும். கழுத்தில் கட்டும் துணி தளர்வு, வெட்டிய மயிர் சட்டைக்குள் போகும். பழைய சட்டையோடு போங்கள். தலை கழுவி விடுவதில்லை. கார்ட் எடுக்கமாட்டார். தோல் தெரிய ஃபேட் வேண்டும் என்கிற தம்பிமாருக்கு இது இடமில்லை, அவரே வேறு இடம் சொல்லி அனுப்பிவிடுவார். நான் போன முறை வெட்டுக்கு 500 ரூபா கொடுத்தேன். நாற்பது நிமிடம் நின்று செய்த வேலைக்கு அது குறைவு என்பதே என் எண்ணம்.

சனி, ஞாயிறு வாங்கில் இடம் கிடைக்காது. மாமாங்கத் திருவிழா நேரம் இன்னும் மோசம். செவ்வாய், வெள்ளியில் மயிர் வெட்டக்கூடாது என்று நம் ஆட்கள் பார்ப்பதால் அந்த இரண்டு நாளும் கடை வெறுமையாகக் கிடக்கும். உங்கள் வீட்டில் அம்மம்மா ஒன்றும் சொல்லமாட்டார் என்றால் செவ்வாய் பின்னேரம் போங்கள். அண்ணன் அவசரமில்லாமல் வெட்டுவார்.