பெரிய நீச்சல் தொப்பி: இடம் கொடுக்கும், ஈரத்தைத் தடுக்காது

சூட்டுக்கருவியால் நீவி நேராக்கிய முடி, அதாவது சில்க் பிரஸ், நனையாமல் நீந்தலாம் என்ற நம்பிக்கையில் இந்தத் தொப்பியை வாங்க நினைத்தால் வாங்காதீர்கள். நீளமான பின்னல்கள், லாக்ஸ் எனப்படும் கயிறுபோல் திரண்ட முடிக்கற்றைகள், அடர்ந்த ஆஃப்ரோ, அதாவது பந்துபோல் விரிந்து நிற்கும் சுருள்முடி என்றால் தாராளமாக வாங்குங்கள். சாதாரணத் தொப்பியோடு மல்லுக்கட்டுவதில் அர்த்தமே இல்லை.

இந்த வகையில் பலரும் அறிந்த பெயர் பிரிட்டனின் சோல் கேப். 2017-இல் தொடங்கிய நிறுவனம். டோக்கியோ ஒலிம்பிக்குக்கு முன் 2021-இல், இந்தத் தொப்பி தலையின் இயல்பான வடிவத்தை ஒட்டி இல்லை என்று சொல்லி சர்வதேச நீச்சல் சம்மேளனம் ஃபினா போட்டிகளில் அணிய அனுமதி மறுத்தது. பிரிட்டன் அணிக்காக ஒலிம்பிக்கில் நீந்திய முதல் கறுப்பினப் பெண்ணான ஆலிஸ் டியரிங் களமிறங்கியதும் அதே டோக்கியோவில்தான். கடும் எதிர்ப்புக்குப் பிறகு 2022 செப்டம்பரில் அனுமதி கிடைத்தது. யாருடைய தலையின் இயல்பான வடிவம் என்ற கேள்விக்கு மட்டும் இன்றுவரை நேரான பதில் இல்லை. இப்போது வேறு பல நிறுவனங்களும் இதே வடிவத்தில் தயாரிக்கின்றன. கீழே சொல்வது எல்லாவற்றுக்கும் பொருந்தும்.

சாதாரண சிலிக்கான் தொப்பி, மண்டையோடு படிந்து கிடக்கும் முடியை மனதில் வைத்து வார்க்கப்பட்டது. இடுப்பு வரை தொங்கும் பாக்ஸ் பிரெய்ட்ஸை, அதாவது கட்டம் கட்டமாக வகிடெடுத்துப் போட்ட பின்னல்களை, அதற்குள் திணித்தால் விளிம்பு வரை இழுபடும். இழுபட்ட சிலிக்கான் சும்மா இருக்காது, சுருங்கப் பார்க்கும். மேலே பருத்த கொண்டை மீது அது சுருங்கும்போது வழுக்கிப் போக ஒரே திசைதான், மேல்நோக்கி. நாலைந்து சுற்று நீந்துவதற்குள் பின்கழுத்து விளிம்பு காது மட்டத்துக்கு ஏறிவிடும். நெற்றியோர மெல்லிய முடியை அது அறுத்து எடுப்பது தனிக்கதை. பெரிய தொப்பியில் உச்சிக்கும் பின்பக்கத்துக்கும் கூடுதல் கொள்ளளவு இருக்கிறது. விளிம்பு மட்டும் நெற்றி அளவுக்கே பிடிக்கிறது. இந்தத் தொப்பியின் உண்மையான தரம் அங்கேதான். வாங்கும்போது விளிம்பைத் தடவிப் பாருங்கள். உடல் பகுதியை விடச் சற்றுத் தடித்து, உருண்டு இருக்க வேண்டும். கத்தரித்து விட்டதுபோல் மெல்லிசாக இருந்தால் அங்கிருந்துதான் கிழியத் தொடங்கும்.

அளவில்தான் பெரும்பாலோர் தவறுகிறார்கள். தலைச் சுற்றளவை மட்டும் அளந்து பயனில்லை. நீந்தும்போது எப்படிக் கட்டுவீர்களோ அப்படிக் கட்டிய பிறகு, நெற்றியிலிருந்து கொண்டையைத் தாண்டிப் பின்கழுத்து வரை டேப் வைத்து அளந்து, அதை விற்பவரின் அளவுப் பட்டியலோடு ஒப்பிடுங்கள். தோள்வரைப் பின்னலுக்கும் இடுப்புவரைப் பின்னலுக்கும் ஒரே அளவு சரிப்படாது. இருப்பதிலேயே பெரியதை வாங்கிவிடலாம் என்றால், மிச்சமிருக்கும் இடத்தில் தண்ணீர் புகுந்து பை மாதிரி பின்னால் இழுக்கும். ஒட்ட வெட்டிய ஆஃப்ரோவுக்குச் சாதாரணத் தொப்பியே போதும்.

இனி ஈரம். சிலிக்கான் வழியே தண்ணீர் ஊறாது, ஆனால் பின்கழுத்துக் குழியிலும் காதுக்கு முன்னாலும் விளிம்பு தோலோடு முழுமையாக ஒட்டுவதில்லை. மூச்செடுக்கத் தலையைத் திருப்பும் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் கசியும். அதனால் முடி நனையும் என்று வைத்துக்கொண்டே தயாராவதுதான் புத்திசாலித்தனம். முதலில் நல்ல தண்ணீரில் முடியை முழுக்க நனைத்துவிடுங்கள். ஏற்கெனவே நீர் குடித்த முடி குளோரின் தண்ணீரைக் குறைவாகவே இழுக்கும். அதன்மேல், அலசத் தேவையில்லாத கண்டிஷனரை நுனியில் தாராளமாகவும் வேரில் குறைவாகவும் தடவுங்கள். நெற்றி ஓரத்தில் இரண்டு விரல் அகலத்துக்கு எதுவும் படக்கூடாது. பட்டால் தொப்பி வழுக்கும். சிலிக்கான் எண்ணெய் கலந்த சீரம் வேண்டவே வேண்டாம், அது தொப்பியின் சிலிக்கானையே உப்ப வைக்கும். லேடெக்ஸ் தொப்பிக்கோ எந்த எண்ணெயும் ஆகாது.

கொண்டையை உச்சியில் போடாமல் பின்மண்டைக்குக் கீழே தாழ்வாகப் போடுங்கள். பின்னல்களை இரண்டாகப் பிரித்துக் குறுக்காகச் சுற்றினால் மேடு தட்டையாகும். உலோக ஊசி, மணி, வளையம் எல்லாம் கழற்றியாக வேண்டும். உள்ளே சாட்டின் துணி கட்டும் வழக்கம் உண்டு. படுக்கைக்கு அது அருமை, குளத்தில் வழுவழுப்பால் மேல் தொப்பியும் சேர்ந்து நழுவும். மெல்லிய லைக்ரா தொப்பி போட்டு அதன்மேல் இதை மாட்டினால் பிடிப்பு நன்றாக இருக்கும். மாட்டும்போது இரு கைகளையும் உள்ளே விட்டு, நகம் படாமல் உள்ளங்கையால் விரித்து, நெற்றியில் தொடங்கிப் பின்னால் இழுக்க வேண்டும். கொண்டை முழுதும் உள்ளே போன பிறகே பின்கழுத்து விளிம்பை விடுங்கள்.

வெளியே வந்ததும் உடனே அலச வேண்டும். குளோரின் முடியில் உலரவே கூடாது. பின்னல் என்றால் கூர்முனை புட்டியில் நீர்த்த ஷாம்பூவை நிரப்பி, வகிடுகளில் விட்டு விரல்நுனியால் தேய்த்தால் போதும். துவாலையால் தேய்க்காமல் அழுத்திப் பிழியுங்கள். லாக்ஸ்தான் ஆபத்தானது. மேலே காய்ந்ததுபோல் தெரியும், நடுவில் ஈரம் நிற்கும், சில நாளில் பூஞ்சை வாடை கிளம்பும். தலையை மூடும் வகை உலர்த்தியில் மிதமான சூட்டில் வேர்வரை உலர்த்தினால்தான் தப்பிக்கலாம். தைத்து ஒட்டவைத்த நீள்முடிக்கும், அதாவது ஸோ-இன் வகைக்கும், இதே எச்சரிக்கை: அடியிலுள்ள பின்னல் வரிசை ஈரமாகவே விடப்பட்டால் அழுகல் நாற்றம் வரும். இன்னொன்று, செயற்கை முடி சேர்த்த பின்னல் நனைந்தால் கனக்கும். புதிதாக இறுக்கிப் பின்னிய முதல் சில நாட்களில் அதை மேலும் இழுத்துக் கொண்டை போட்டால் நெற்றியோர முடி வேரோடு விடைபெறும். தோல் மருத்துவர்கள் டிராக்‌ஷன் அலோபீசியா என்று சொல்வது இதைத்தான். சுருளை நேராக்கும் ரசாயனமான ரிலாக்சர் போட்ட வாரத்தில் குளத்தையே மறந்துவிடுங்கள்.

சில்க் பிரஸுக்கு ஏன் வேண்டாம்? சூடு முடியின் ஹைட்ரஜன் பிணைப்புகளைத்தான் மாற்றி அமைக்கிறது. துளி ஈரம் போதும், அவை பழைய சுருளுக்கே திரும்பிவிடும். கசியும் தொப்பிக்குள் அது தாங்காது. ஜிம்மிலும் இந்தத் தொப்பியை மாட்டிக்கொள்பவர்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம், வியர்வை வெளியேற வழியில்லாமல் உள்ளேயே அவியும். அங்கே வியர்வை உறிஞ்சும் அகலப் பட்டை, முடித்தபின் அதை அவிழ்க்காமல் வியர்வை அடங்கும்வரை காத்திருத்தல், பிறகு குளிர்காற்றில் வேர்களை உலர்த்துதல், இவ்வளவுதான் வழி. வேக் ஃபாரஸ்ட் பல்கலைக்கழக மருத்துவர்கள் 2012-இல் வெளியிட்ட ஆய்வில், 103 ஆப்பிரிக்க அமெரிக்கப் பெண்களில் ஏறத்தாழ 40 சதவீதம் பேர் முடிக்காகச் சில சமயம் உடற்பயிற்சியைத் தவிர்ப்பதாகச் சொன்னார்கள். சலூனில் செலவான மணிக்கணக்கையும் பணத்தையும் நினைத்தால் அதில் வியக்க ஒன்றுமில்லை.

தொப்பியைப் பராமரிப்பது எளிது. நல்ல தண்ணீரில் அலசி, உள்பக்கம் வெளியே திருப்பி நிழலில் உலர்த்தி, கொஞ்சம் சோள மாவு தூவி வைத்தால் ஒட்டாது. விளிம்பில் மயிரிழை விரிசல் தென்பட்டால் ஒட்டிப் பார்க்காதீர்கள். அடுத்த முறை விரிக்கும்போது நடுவரை கிழியும், மாற்றிவிடுங்கள்.