மூணு வருஷமா ஓட்டுற என் க்விஸ்: ஆப்ஷனா, டைப் பண்ற பதிலா?

ஃப்ரெண்ட் ஒருத்தன் நேத்து கேட்டான், "சொந்தமா ஒரு ஆன்லைன் க்விஸ் பண்றேன், பதிலை டைப் பண்ண விடலாமா, இல்ல நாலு ஆப்ஷன் குடுத்துடலாமா"ன்னு. ரெண்டு வரில சொல்ற விஷயம் இல்ல, அதான் விலாவாரியா எழுதுறேன்.

டைமர், ஸ்கோர், கேள்வியை கலைச்சுப் போடுறது, இதெல்லாம் முதல் மாசத்துலயே செட் ஆயிடுச்சு. இன்னைக்கு வரைக்கும் உயிரை எடுக்கிறது பதில் பெட்டி ஒண்ணுதான்.

"பூமிதான் சூரியனைச் சுத்துதுன்னு 1543-ல புத்தகம் போட்டவர் யார்?" கோபர்நிகஸ். அக்கா போன் பண்ணி, "சரியாத்தான்டா அடிச்சேன், தப்புன்னு காட்டுது"ன்னா. அவ பதிலையும் என் பதிலையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பார்த்தேன், அச்சு அசலா ஒண்ணுதான். லென்த் (கம்ப்யூட்டர் எண்ணுற குறிகளோட எண்ணிக்கை) எடுத்தா என்னோடது 10, அவளோடது 11! விஷயம் என்னன்னா, 'கோ'வுல வர்ற ஓகாரக் குறி யூனிகோடுல (கம்ப்யூட்டர்ல ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு நம்பர் குடுக்கிற முறை) ஒரே குறியாவும் இருக்கலாம், ரெட்டைக்கொம்பு, கால்னு ரெண்டு துண்டாவும் இருக்கலாம், கண்ணுக்கு வித்தியாசமே தெரியாது. ரெண்டு பதிலுக்கும் என்எஃப்சி நார்மலைஸ் (துண்டு துண்டா இருக்கிறதை ஒரே குறியா சேர்க்கிறது) போட்டதும் சரியாச்சு, ஒரே ஒரு வரி, அதைக் கண்டுபிடிக்க ரெண்டு ராத்திரி போச்சு.

ஆனா ஔவையார்னு பதில் வர்ற கேள்விக்கு அது உதவாது. நிறைய பேர் ஒ அடிச்சு பக்கத்துல ள அடிக்கிறாங்க, அது நிஜமாவே ரெண்டு தனி எழுத்து, அதனால ரெண்டையும் சரியான பதில் லிஸ்ட்ல சேர்த்தேன். கோப்பர்நிக்கஸ், கொப்பர்னிகஸ், காபர்நிகஸ்னு வந்ததையும் சேர்த்தேன். சேர்த்து மாளாம, ஒரு எழுத்து மாறினா பரவால்லன்னு தளர்த்தினேன். உடனே "1935-ல பெர்சியா எந்தப் பேருக்கு மாறுச்சு"ங்கிற கேள்விக்கு ஈராக்னு போட்டவனுக்கும் மார்க் விழுந்துச்சு, ஈரானுக்கும் ஈராக்குக்கும் ஒரு எழுத்துதானே வித்தியாசம். அன்னிக்கு வந்த கோவத்துல க்விஸையே அழிச்சிருப்பேன்.

ஆனா நியாயமா சொல்லணும். ஆப்ஷன்ல ஒண்ணுமே தெரியாதவனுக்கும் நாலுல ஒண்ணு அடிக்கும், டைப் பண்றப்போ மண்டைல இருந்துதான் வரணும். அதைவிட முக்கியம், தப்பான பதிலையெல்லாம் நான் படிக்க முடியுது. "உலகத்துலயே பெரிய பாலைவனம் எது"ன்னு கேட்டு சகாரான்னு வச்சிருந்தேன், வரிசையா அண்டார்டிகான்னு வந்துச்சு, பார்த்தா அவங்கதான் சரி, மழை பனி குறைவா விழுறதுதான் கணக்கு, சூடு இல்ல. கேள்வியை "பெரிய வெப்பப் பாலைவனம்"னு மாத்தினேன். நாலு ஆப்ஷன் குடுத்திருந்தா அதுல அண்டார்டிகாவையே வச்சிருக்க மாட்டேன், தப்பும் அப்படியே கிடந்திருக்கும். சனியோட நிலா 2023-ல 145னு எழுதி வச்சது 2025-ல 274 ஆனப்பவும் டைப் பண்ணவங்கதான் எனக்கு முன்னாடி சரியா போட்டாங்க.

இவ்வளவு சொல்லியும் உனக்கு என் பதில், ஆப்ஷனே வைடா. வாரம் தவறாம உக்காந்து ஒவ்வொருத்தர் அடிச்சதையும் படிக்க நேரம் இருந்தா மட்டும் பதில் பெட்டி பக்கம் போ. நான் என்னோடதை எடுக்க மாட்டேன், இப்பக்கூட கோபர்நிகஸுக்கு புதுசா ஒரு ஸ்பெல்லிங் வந்திருக்கு, அதை சேர்க்கணும்.