டிலே ஈக்வேஷன் படிக்கறவங்களுக்கு லிப்ரே ஆபிஸ் கால்க், ஒரு செமஸ்டர் யூஸ் பண்ணிட்டு எழுதறேன்

எம்எஸ்சி மேத்ஸ்ல டிஃபரன்ஸ் ஈக்வேஷன் (முந்தின மதிப்புலேந்து அடுத்த மதிப்பை கண்டுபிடிக்கற சமன்பாடு) பேப்பர் எடுத்துருக்கவங்களுக்குத்தான் இந்த ரிவ்யூ. காசு குடுத்து பெரிய சாஃப்ட்வேர் எதுவும் வேணாங்க, கால்க்ங்கற இந்த ஸ்ப்ரெட்ஷீட் ஃப்ரீ, என்னோட 4 ஜிபி ரேம் பழைய லேப்டாப்லயே திணறாம ஓடுது.

நான் முதல்ல போட்டது டிலே வர்ற லாஜிஸ்டிக் ஈக்வேஷன், அதாவது ஒரு உயிரினத்தோட எண்ணிக்கை எப்படி மாறுதுன்னு சொல்றது, அதுல இந்த வருஷத்தோட பழைய வருஷ எண்ணிக்கையும் சேந்து வரும். அடுத்த வருஷ எண்ணிக்கை = ஆர் × இந்த வருஷம் × (1 − போன வருஷம்), இதுல ஆர்ங்கறது வளர்ச்சி எண். ஆர் மதிப்பை ஒரு செல்லுல வச்சு டாலர் குறி போட்டு லாக் பண்ணிட்டு, முதல் ரெண்டு வரில 0.4, 0.4 குடுத்து, மூணாவதுல ஃபார்முலா எழுதி செல் மூலைல இருக்கற குட்டி சதுரத்த பிடிச்சு கீழ இழுத்தா முடிஞ்சுது. ஃபார்முலாக்குள்ள ரெண்டு வரி மேல போய் ஒரு செல்லை கிளிக் பண்ணப்பதான் டிலேன்னா என்னன்னு எனக்கு நிஜமாவே உறைச்சுது, கிளாஸ்ல மூணு வாரம் உக்காந்தும் உறைக்கல.

ஆர் 1.5னா 30 வரிக்குள்ள 0.3333ல அடங்கிருது. 2.1 குடுங்க, அடங்கவே அடங்காது, சுமார் 6 வருஷத்துக்கு ஒரு தடவை ஏறி இறங்கிட்டே இருக்கும், இந்த வருஷம் எதிர் போன வருஷம்னு ஸ்கேட்டர் சார்ட் போட்டா அழகான வளையம் கிடைக்கும். அடங்கறதுக்கும் அடங்காததுக்கும் நடுவுல ஆரோட எல்லைக்கோடு சரியா 2. டிலே இல்லன்னா 3 வரைக்கும் தாங்கும், ஒரு வருஷ டிலேக்கு 2, ரெண்டு வருஷ டிலேக்கு 1.618, ஆமா கோல்டன் ரேஷியோவேதான்! 1976ல லெவினும் மேயும் குடுத்த கண்டிஷன்லேந்து வர்றது இது, ஸ்க்ரீன்ல பாத்தப்ப புல்லரிச்சுருச்சு.

ஒரு இடத்துல மட்டும் ஏமாந்துராதீங்க. ஆர் 1.98 வச்சு 100 வரி இழுத்துட்டு இது ஸ்டேபிள் இல்லன்னு நான் நோட்ல எழுதிட்டேன், தப்பு. ஒவ்வொரு வரிக்கும் ஆட்டம் 1 சதவீதம்தான் குறையுது, அதனால 100வது வரிலயும் மூணுல ஒரு பங்குக்கு மேல ஆட்டம் பாக்கி இருக்கும். 1000 வரி இழுத்தா 0.4949ல போய் நிக்கறது தெரியும். கால்க்ல பத்து லட்சம் வரிக்கு மேல இடம் இருக்கு, கஞ்சத்தனம் பண்ணாம இழுங்க.

ஆனா நிரூபணம் இதுல வராது. பீலூ ஈக்வேஷன்ல (எண்ணிக்கை வளர்ச்சிக்கான இன்னொரு டிலே ஈக்வேஷன்) டிலே 1 இருக்கறப்ப, வளர்ச்சி எண் 1க்கு மேல எதுவா இருந்தாலும், எந்த பாசிட்டிவ் மதிப்புல ஆரம்பிச்சாலும் ஒரே இடத்துக்குத்தான் போகும்னு குருக்லிஸும் லாடாஸும் 1992ல காட்டினாங்க. நான் நாப்பது விதமா ஆரம்பிச்சு பாத்தேன், நாப்பதும் அங்கதான் போச்சு, நாப்பத்தி ஒண்ணாவதுக்கு பேப்பரும் பேனாவும் எடுத்துத்தான் ஆகணும்.