வாழைப்பழத்தில் ஒட்டியிருந்த 4011

மூன்று மாதச் சந்தாவை முன்கூட்டியே கட்டி ஏமாந்தவள் எழுதுகிறேன். மலிவு விலையில் ஆர்கானிக் காய்கறிப் பெட்டி வாரந்தோறும் வீட்டு வாசலுக்கே வரும் என்று உங்களுக்கும் செய்தி வந்திருந்தால், பணம் அனுப்பும் முன் இதைப் படித்துவிடுங்கள்.

மாதம் இருபது தேதி தாண்டினால் கணக்குப் பார்த்துத்தான் கடைக்குப் போகிற குடும்பம் எங்களுடையது. ஆர்கானிக் பொருள் வைத்திருக்கும் அடுக்கின் பக்கம் போவேன், விலையைப் பார்ப்பேன், எடுத்ததை எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டு வருவேன். பிள்ளைக்காவது நல்லதாகக் கொடுக்க முடியவில்லையே என்ற உறுத்தல் மட்டும் கூடவே வரும். பெட்டி விற்ற அந்த ஆள் இந்த உறுத்தலை வைத்துத்தான் வியாபாரம் செய்தார்.

"சொந்தத் தோட்டம் அக்கா. தரகர் இல்லை, கடை வாடகை இல்லை. மருந்து என்பதே கிடையாது. மூன்று மாதத்துக்குச் சேர்த்துக் கட்டினால் இன்னும் குறைத்துக்கொள்ளலாம்" என்றார். சாதாரணக் காய்கறியைவிடக் கொஞ்சம்தான் கூடுதல். நகைச்சீட்டுக்கு ஒதுக்கியிருந்த பணத்தை எடுத்துக் கட்டினேன்.

முதல் பெட்டியில் கேரட் மண்ணோடு வந்தது, கீரை ஓட்டை ஓட்டையாக வந்தது. பூச்சி தின்றிருக்கிறது, அப்படியானால் மருந்து படவில்லை என்று கணவரிடம் காட்டிக் குதூகலித்தேன். காசு கொடுத்து வாங்கிய கீரையில் ஓட்டையைப் பார்த்து மகிழ்ந்தவள் ஊரில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். மருந்தடித்த வயலிலும் பூச்சி தின்னும். எந்த நிலத்துக் கேரட்டும் மண்ணோடுதான் வெளியே வரும், கழுவாமல் அனுப்பினால் அவ்வளவுதான்.

ஐந்தாம் வாரம் வாழைப்பழம் வந்தது. சீப்பைப் பிரிக்கும்போது தோலில் ஓரிடத்தில் விரல் ஒட்டிக்கொண்டது. அடுத்த பழத்திலும் அதே பிசுபிசுப்பு, முட்டை வடிவில். எதையோ உரித்தெடுத்த தடம். உள்பக்கமாகத் திரும்பியிருந்த ஒரு பழத்தில் மட்டும் உரிக்க மறந்த ஸ்டிக்கர் முழுதாக இருந்தது. அதில் 4011 என்ற எண்.

பெரிய கடைகளில் பழத்தின்மேல் ஒட்டியிருக்குமே, அந்த எண்ணுக்கு அர்த்தம் உண்டு. பில் போடுகிறவர் பழத்தை அடையாளம் காண்பதற்காகப் பல நாடுகளில் பொதுவாகப் புழங்கும் எண் அது. 4011 என்றால் சாதாரண மஞ்சள் வாழைப்பழம். அதுவே ஆர்கானிக் என்றால் முன்னால் ஒரு 9 சேர்ந்து 94011 ஆகும். கட்டாய விதி இல்லை, ஒட்டுகிறவர் தவறாகவும் ஒட்டியிருக்கலாம் என்று அவருக்காக நானே வாதாடிப் பார்த்தேன். ஆனால் காலையில் சொந்தத் தோட்டத்தில் வெட்டிய சீப்பில் ஸ்டிக்கர் எதற்கு? மொத்தக் கடையில் வாங்கி, உட்கார்ந்து ஸ்டிக்கர் உரித்து, பெட்டியில் அடுக்கியிருக்கிறார்.

சான்றிதழ் கேட்டேன். முதலில், "நம்பிக்கைதானே அக்கா முக்கியம்" என்றார். விடாமல் கேட்டதும் ஒரு புகைப்படம் அனுப்பினார். பெரிதாக்கிப் பார்த்தேன். பெயர் வேறொரு நிறுவனத்தினுடையது, காலாவதியாகிப் பதினான்கு மாதம் ஆகியிருந்தது, பொருள் என்ற இடத்தில் தேயிலை மட்டும்தான் இருந்தது. எனக்கு அவர் தேயிலையே அனுப்பியதில்லை! பணத்தைத் திருப்பிக் கேட்டதும், முன்பணம் திரும்பத் தரப்படாது என்று ரசீதின் அடியில் பொடி எழுத்தில் இருந்த வரியை வட்டமிட்டு அனுப்பிவிட்டு என் எண்ணை முடக்கிவிட்டார். வங்கிக் கணக்குக்கு நேராக அனுப்பிய பணம் என்பதால் மீட்க வழி கிடைக்கவில்லை. புகார் எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

பிறகுதான் படிக்க உட்கார்ந்தேன். முன்பே செய்திருக்க வேண்டிய வேலை. மருந்து என்பதே கிடையாது என்று அவர் அடித்துச் சொன்னபோதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். சான்று பெற்ற ஆர்கானிக் விவசாயத்திலும் கந்தகம், சில தாமிரக் கலவைகள், வேம்புச் சாறு போன்றவற்றை வரம்புக்குள் பயன்படுத்த அனுமதி உண்டு. உண்மையாகச் செய்கிறவர் எதைத் தெளித்தேன் என்று சொல்வார்.

விலையும் அப்படித்தான். ரசாயனத்தை நிறுத்திய மறுநாளே நிலம் ஆர்கானிக் ஆகிவிடாது. அமெரிக்க விதிப்படி தடை செய்த பொருள் படாமல் மூன்று ஆண்டு கழிய வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்தில் ஓராண்டுப் பயிர் என்றால் விதைப்புக்கு முன் இரண்டு ஆண்டு. அந்த இடைக்காலத்தில் மகசூல் குறையும், களை எடுக்கும் கூலி ஏறும், ஆனால் விளைந்ததை ஆர்கானிக் என்று சொல்லி விற்க முடியாது. இவ்வளவையும் தாங்கியவர் ஏறக்குறைய சாதாரண விலைக்கே எப்படிக் கொடுப்பார் என்று ஒரு நிமிடம் யோசித்திருந்தால் என் பணம் பிழைத்திருக்கும்.

அவருடைய பையில் அச்சிட்டிருந்த பச்சை இலையும் வெறும் படம்தான். ஐரோப்பிய ஒன்றியத்தின் இலை முத்திரை பன்னிரண்டு நட்சத்திரங்களால் ஆனது. பொட்டலத்தில் அதனுடன் சோதித்த அமைப்பின் குறியீட்டு எண்ணும் இருக்க வேண்டும். அமெரிக்க வேளாண் துறையின் முத்திரை என்றால், உப்பும் தண்ணீரும் நீங்கலாகக் குறைந்தது 95 சதவீதம் ஆர்கானிக்காக இருக்க வேண்டும். சான்று பெற்றவர்களின் பட்டியலை அந்தத் துறை இணையத்தில் இலவசமாகத் திறந்துவைத்திருக்கிறது. பெயரைத் தட்டினால் தெரிந்துவிடும். 'இயற்கையானது', 'பண்ணைப் புதுசு' என்றெல்லாம் எழுதிக்கொள்ள இப்படி எந்தச் சோதனையும் தேவைப்படுவதில்லை.

இப்போது எல்லாவற்றையும் ஆர்கானிக்காக வாங்கும் ஆசையை விட்டுவிட்டேன். காய், கனி, கீரையில் தோலோடு தின்கிற ஆப்பிள், பிள்ளைக்குக் கொடுக்கிற கீரை, இவை இரண்டுக்கு மட்டும் காசை ஒதுக்குகிறேன். வெங்காயமும் வாழைப்பழமும் உரித்துத்தானே சாப்பிடுகிறோம், சாதாரணமே போதும். பருப்பும் தானியமும் சான்று எண் பார்த்து, இரண்டு வீட்டாரோடு சேர்ந்து மூட்டையாக வாங்கிப் பிரித்துக்கொள்கிறோம். இன்னும் சான்று கிடைக்காத, மாறிக்கொண்டிருக்கும் நிலத்துக்காரர் ஒருவரிடமும் வாங்குகிறேன். "முழு ஆர்கானிக் என்று சொல்ல மாட்டேன் அம்மா, இன்னும் ஓராண்டு பாக்கி" என்று அவரே சொன்னார். முன்பணம் கேட்டதில்லை.

நேற்று ஒரு விளம்பரம் வந்தது. வேறு பெயர், வேறு எண், அதே மண் ஒட்டிய கேரட் படம். இம்முறை ஆறு மாதச் சந்தா. கேட்காமலேயே சான்றிதழையும் இணைத்திருக்கிறார். அதே தேயிலைச் சான்றிதழ்தான். தேதி இருக்கும் இடத்தை மட்டும் கட்டைவிரல் மறைத்துக்கொண்டிருக்கிறது.