24,000 ரூபாய் வாங்கிக்கொண்டு, ‘பேஷன்ட் குண்டா இருக்காங்க’ என்கிறார்கள்! எடைக்குறைப்பு ஆபரேஷன் முடிந்தவர்கள் வீட்டில் அவசியம் படிக்கவும்

சற்று முன்புதான் அந்த ஹோம் நர்சிங் ஏஜென்சியிலிருந்து மெயில் வந்தது. நான் கட்டிய 24,000 ரூபாயில் ஒரு பைசா திருப்பித் தர மாட்டார்களாம். காரணம், ‘நோயாளியின் உடல் எடை முன்கூட்டியே தெரிவிக்கப்படவில்லை.’ எடைக்குறைப்பு ஆபரேஷன் செய்தவர்களுக்கென்றே ஒரு பேக்கேஜை விற்றுவிட்டு, போய்ப் பார்த்தால் ஆள் எடையாக இருக்கிறார் என்று குற்றம் சொல்கிறார்கள். இதற்குமேல் நாக்கூசாமல் பேச முடியுமா?

பேரைப் போட முடியவில்லை. போட்டால் வக்கீல் நோட்டீஸ் வரும் என்று ஏற்கெனவே மிரட்டியாயிற்று. ஆப்பில் புக் செய்தால் வீட்டுக்கு நர்ஸ், அட்டெண்டர் அனுப்புவார்களே, அந்த ரகம். சென்னையில் இருப்பவர்களுக்குப் புரியும்.

என் அக்காவுக்கு 43 வயது. ஆபரேஷனுக்கு முன்பு 118 கிலோ. சர்க்கரையும் முட்டிவலியும் படுத்தியதால் டாக்டர் ஸ்லீவ் சர்ஜரி செய்யச் சொன்னார். இரைப்பையில் முக்கால் பங்குக்கு மேல் வெட்டி எடுத்துவிட்டு ஒரு குழாய் மாதிரி விட்டுவிடுவது. வயிற்றில் சின்னச் சின்னத் துளைகள்தான், பெரிய வெட்டு இல்லை. ஆஸ்பத்திரி மேல் எனக்கு ஒரு குறையும் கிடையாது. சீக்கிரமே வீட்டுக்கும் அனுப்பிவிட்டார்கள்.

வீட்டுக்கு வந்த பிறகுதான் நிஜமான கஷ்டம், அதை யாரும் வெளியே பேசுவதில்லை. ஆபரேஷன் ஆன மறுவாரமே உடம்பு இளைத்துவிடாது. அதே கனம், அதே தொங்கும் வயிறு. கூடவே துளைகளில் வலி, குனிய முடியாது. டாய்லெட் போனால் பின்னால் கை எட்டாது. அடிவயிற்று மடிப்பு, மார்புக்குக் கீழே, தொடை இடுக்கு, எல்லா இடத்திலும் வியர்வை. மே மாதச் சென்னையில் சொல்லவே வேண்டாம். தண்ணீரையும் மடக் மடக்கென்று குடிக்க முடியாது, கொஞ்சம் கொஞ்சமாக உறிஞ்ச வேண்டும். அதனால் எழுந்தால் தலைசுற்றல், வாய் காய்ந்து ஒரு நாற்றம். அக்கா என்னிடமே வாயை மூடிக்கொண்டு பேசினாள். அம்மாவுக்கு எழுபது வயது, அவளால் தூக்கிப் பிடிக்க முடியாது. எனக்கு வங்கி வேலை, வருடக் கணக்கு முடிந்து ஆடிட் நேரம், லீவு கிடையாது.

அப்போதுதான் அந்த ஏஜென்சிக்குப் போன் போட்டேன். எடுத்தவர் பேசிய பேச்சை இப்போது நினைத்தாலும் எரிகிறது. “மேடம், மடிப்புகளை ஈரமில்லாம வச்சிக்கிறதுதான் இதுல முக்கியம். வீட்ல வெஸ்டர்ன் டாய்லெட்டா இண்டியனா? ஹேண்ட் ஷவர் இருக்கா?” என்று வரிசையாகக் கேட்டார். ஆஸ்பத்திரி டிஸ்சார்ஜ் தாளில்கூட இவ்வளவு விவரம் இல்லை. கடைசியாகச் சொன்னார்: “அக்கா கூச்சப்படுவாங்க. அதுக்கேத்த மாதிரி, இந்த ஆபரேஷன் பேஷன்ட்டுங்களப் பாத்துப் பழகின லேடி நர்ஸா அனுப்புறேன்.” அந்தக் ‘கூச்சப்படுவாங்க’ என்ற ஒரு சொல்லுக்காகத்தான் 15 நாளுக்கான 24,000 ரூபாயையும் அப்போதே ஜிபே செய்தேன். வாடகை கட்டி மிச்சமிருந்த காசு அது. எடையையும் கேட்டார், சொன்னேன். போனில் சொன்னது கணக்கில் வராதாம், இப்போது சொல்கிறார்கள்.

வந்தது நர்ஸே இல்லை. அதற்கு முன்பு கார்மென்ட்ஸ் கம்பெனியில் வேலை பார்த்த பெண். அந்தப் பெண்மேல் எனக்குக் கோபம் இல்லை. ஒரு நாளைக்கு 450 ரூபாய் என்று சொல்லிக் கூட்டி வந்திருக்கிறார்கள், யாருக்கு என்ன ஆபரேஷன் என்றே அவளுக்குச் சொல்லவில்லை. நான் கட்டியதோ ஒரு நாளைக்கு 1,600. கூடவே தருவதாகச் சொன்ன ‘ஹைஜீன் கிட்’டைத் திறந்தால் ஒரு வெட் டிஷ்யூ பாக்கெட், ஒரு ஜோடி கையுறை, ஒரு டப்பா வாசனைப் பவுடர். அவ்வளவுதான்.

அவள் குளிப்பாட்டியதை அம்மா சொல்லித்தான் எனக்குத் தெரியும். பாத்ரூமில் இருந்த லேசான பிளாஸ்டிக் ஸ்டூலில் அக்காவை உட்கார வைத்திருக்கிறாள். ஸ்டூலின் கால்கள் அகன்று விரிய ஆரம்பித்ததும் அக்கா சுவரைப் பிடித்துக்கொண்டாள். நல்ல சூடான தண்ணீர், அதுவும் தலையோடு. தலைசுற்றிக் கண் இருண்டுவிட்டது. நல்லவேளை, கதவுக்குத் தாழ் போடவில்லை, அம்மா ஓடிவந்தாள். அப்புறம் முரட்டுத் துண்டால் தேய்த்துத் துடைத்து, மடிப்புக்குள் ஈரம் இருக்கும்போதே பவுடரைக் கொட்டியிருக்கிறாள். துளைகளின் மேலும்தான்.

ஏஜென்சிக்குச் சொன்னதும் ஆளை மாற்றி அனுப்பினார்கள். வந்து நின்றது ஓர் இளைஞன். குளிப்பாட்ட! அக்கா போர்வையைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டு அழுத அழுகையை இங்கே எழுத முடியவில்லை. “ஸ்டாஃப் எல்லாரும் ஸ்டாஃப்தானே மேடம், ஹெவி பேஷன்ட்டுக்கு ஜென்ட்ஸ்தான் வசதி” என்றார் அதே மனிதர். கூச்சப்படுவாங்க என்று எனக்குச் சொல்லிக்கொடுத்தவர்!

அதற்குப் பிறகு ஆளே வரவில்லை. ஊருக்குப் போயிருக்கிறார்கள், திருவிழா. மேனேஜர் மீட்டிங்கில் இருக்கிறார். சாப்பிடப் போயிருக்கிறார். சாயங்காலம் கூப்பிடுகிறோம். கூப்பிடவே இல்லை. ஒரு பெண் குரல், “உங்க கம்ப்ளெயின்ட் டிக்கெட் க்ளோஸ் ஆயிடுச்சே மேடம்” என்றது. யார் க்ளோஸ் செய்தது என்று கேட்டால் லைன் கட். பிறகு, வேண்டுமானால் ஆப் வாலட்டில் கிரெடிட் போடுகிறோம், அடுத்த புக்கிங்கில் கழித்துக்கொள்ளலாம் என்றார்கள். அதற்கும் மேலே, நூறு கிலோவைத் தாண்டினால் ஒரு நாளைக்கு 400 ரூபாய் கூடுதல், அதைக் கட்டினால்தான் புது ஆள். 24,000 ரூபாயைக் கொடுத்துவிட்டு, அதற்கு மேலும் கட்ட வேண்டுமாம்.

இதற்குள் அடிவயிற்று மடிப்பு முழுக்கச் செக்கச்செவேல் என்று ஆகி, தோல் உரிந்து, ஒரு புளித்த வாடை. ஒரு துளையிலிருந்து சீழ். ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். மடிப்பில் பூஞ்சைத் தொற்று என்று டாக்டர் பூசுவதற்கு மருந்து கொடுத்தார், துளையைச் சுத்தம் செய்து ஆன்டிபயாட்டிக் எழுதினார்.

அங்கே ஒரு வயதான சிஸ்டர், காசு எதுவும் வாங்காமல், 24,000 ரூபாய்க்குக் கிடைக்காததைப் பத்தே நிமிடத்தில் செய்து காட்டினார். பழைய வெள்ளை வேட்டி இருக்கிறதா என்று கேட்டார். துவைத்துக் காயவைத்து, முழ நீளத்துக்குக் கிழித்துக்கொள்ளச் சொன்னார். ஒரு கையால் மடிப்பைத் தூக்கி, வெதுவெதுப்பான தண்ணீரில் நனைத்த துணியால் ஒற்றி எடுத்தார், தேய்க்கவே இல்லை. உலர்ந்த துணியால் மறுபடி ஒற்றி, ஃபேனுக்கு நேரே கொஞ்ச நேரம் காட்டினார். பிறகு மருந்தை மெல்லிசாகப் பூசி, வேட்டித் துண்டைத் தோலும் தோலும் ஒட்டாதபடி உள்ளே வைத்து, நுனி வெளியே தெரிகிற மாதிரி விட்டார். “நுனி ஈரமாயிட்டா மாத்திடு பாப்பா, அவ்வளவுதான் வித்தை” என்றார். அக்கா அந்த வாரத்தில் முதல் முறையாகச் சிரித்தாள்.

என்னென்ன செய்ய வேண்டும் என்று விளக்கமாக எழுதத்தான் உட்கார்ந்தேன். மனசு நிலைகொள்ளவில்லை. தோன்றியதை மட்டும் சொல்கிறேன்.

எப்போது குளிக்கலாம் என்பதை டிஸ்சார்ஜ் அன்றே உங்கள் டாக்டரிடம் கேட்டு எழுதி வாங்குங்கள். குளித்தாலும் மேலே தண்ணீர் விட்டுக்கொள்வதோடு சரி. துளைகள் ஆறும்வரை தொட்டி, நீச்சல் குளம், கடல் எதிலும் இறங்கக் கூடாது. புண்மேல் பவுடர், மஞ்சள், எண்ணெய், எதையும் டாக்டர் சொல்லாமல் வைக்காதீர்கள். உட்கார எடை தாங்குகிற, அடியில் ரப்பர் வைத்த இரும்பு ஸ்டூல் வாங்கிவிடுங்கள். டாய்லெட்டில் ஹேண்ட் ஷவர் இல்லையென்றால் ஆபரேஷனுக்கு முன்பே மாட்டுங்கள். பெண்கள் முன்னிருந்து பின்னாகத்தான் கழுவ வேண்டும். காய்ச்சல், நெஞ்சுப் படபடப்பு, கூடிக்கொண்டே போகும் வயிற்று வலி, தோள்பட்டை வலி, இதில் எது வந்தாலும் அட்டெண்டரையும் ஆப்பையும் கேட்டுக்கொண்டிருக்காமல் நேராக ஆஸ்பத்திரிக்குப் போங்கள். உள்ளே தையல் போட்ட இடத்தில் கசிவாக இருக்கலாம் என்று டாக்டர் சொன்னார்.

ஏஜென்சி விஷயத்தில்: மொத்தப் பணத்தையும் முன்னால் கேட்டால் வேண்டாம், தினக்கூலி பேசுங்கள். நர்ஸ் என்றால் நர்சிங் கவுன்சில் பதிவு எண்ணைக் கேளுங்கள். நோயாளியின் எடை, வருபவர் ஆணா பெண்ணா, இரண்டையும் வாட்ஸாப்பில் எழுத்தாக வாங்குங்கள். போனில் உருகிப் பேசுவதை நம்பிப் பணம் போடாதீர்கள்.

நான் 1915 நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்துவிட்டேன். அடுத்து மாவட்ட நுகர்வோர் ஆணையம். நாம் கொடுத்த பணம் ஐந்து லட்சம் வரைக்கும் என்றால் மனுவுக்குக் கட்டணம் கிடையாது, ஆன்லைனிலும் போடலாம். ஜிபே ரசீது, பவுடர் டப்பாவோடு கிட்டின் போட்டோ, டாக்டர் சீட்டு எல்லாம் பத்திரமாக இருக்கிறது. இதே மாதிரி பேக்கேஜுக்குப் பணம் கட்டி ஏமாந்தவர்கள் யாராவது இருந்தால் உள்பெட்டியில் சொல்லுங்கள், சேர்ந்தே மனு போடலாம். அந்த 24,000 ரூபாயை நான் விடப்போவதில்லை.