காஸ்ட் அக்ரிலிக்கா, எக்ஸ்ட்ரூடட் அக்ரிலிக்கா?

விளிம்பில் எல்இடி பொருத்தி ஒளிரவைக்கும் அலங்காரப் படத்தை, கணினி இயக்கும் செதுக்கு இயந்திரமான சிஎன்சி ரூட்டரில் செதுக்க, நான் காஸ்ட் அக்ரிலிக்கைத்தான் எடுப்பேன்.

காஸ்ட் தகடு, இரு கண்ணாடிகளுக்கு நடுவே திரவ அக்ரிலிக்கை ஊற்றி இறுகவைத்தது. அதன் மூலக்கூறுச் சங்கிலிகள் மிக நீளமானவை. கருவியின் சூட்டில் எளிதில் இளகாது. வி-பிட் (V வடிவ முனையுள்ள வெட்டுக்கருவி) ஓடும்போது சீவல் உலர்ந்து உதிரும், கோட்டின் ஓரம் கூர்மையாக நிற்கும். கண் இமை, மயிலிறகு போன்ற நுண்கோடுகளுக்கு இந்தக் கூர்மைதான் உயிர். உருக்கிய அக்ரிலிக்கை அச்சு வழியே தள்ளிச் செய்த எக்ஸ்ட்ரூடட் தகடோ சீக்கிரம் உருகி பிட்டில் ஒட்டிக்கொள்ளும். ஒட்டிவிட்டால் அந்தக் கோடு பாழ். சுழல்வேகத்தைக் குறைத்து, நகர்வேகத்தைக் கூட்டி, காற்றடித்து ஓரளவு சமாளிக்கலாம். செதுக்கியபின் ஆல்கஹாலால் துடைத்தால் மயிரிழை வெடிப்புகள் விழுவதும் இதில்தான் அதிகம்.

ஆனால் எக்ஸ்ட்ரூடட் தகட்டின் தடிமன் சீரானது, விலையும் குறைவு. காஸ்ட்டின் தடிமன் இடத்துக்கு இடம் மாறும். வி-பிட்டில் ஆழம்தான் அகலத்தைத் தீர்மானிக்கிறது: 60 டிகிரி பிட் 0.2 மி.மீ. கூடுதலாக இறங்கினால் கோடு ஏறத்தாழ 0.23 மி.மீ. அகன்றுவிடும். எனவே காஸ்ட்டில் வேலை தொடங்குமுன் மேற்பரப்பைப் பல இடங்களில் ப்ரோப் (தொட்டு உயரம் அளக்கும் கருவி) வைத்து அளந்துகொள்ளுங்கள். தடித்த எழுத்து மட்டுமுள்ள பெயர்ப்பலகைக்கு எக்ஸ்ட்ரூடட் போதும்.